ராஜதாஸின் நெஞ்சில் பட்டாளத்துப் பொடி

உதியன்குளங்கரை ராஜதாஸ் யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. அசாம் மலையில் பர்மாவுக்கு ரோடு போடும் பட்டாளக் கம்பெனியில், கல் நொறுக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அது கக்கிய வெள்ளைப் பொடியை வருஷக்கணக்கில் மூச்சாக இழுத்தார். அவரோடு ஊரிலிருந்து போன ஏழெட்டுப் பேருக்கும் அதே வேலைதான். திரும்பி வரும்போது சட்டையில் ஒரு மெடல் குத்தி அனுப்பினார்கள். சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

சில வருஷத்தில் இருமல் வந்தது. எங்கள் ஊருக்கு இருமல் என்றால் சயரோகம்தான், வேறு பேச்சில்லை. எங்கள் சபையில் திருவிருந்தில் அப்பம் தின்று திராட்சரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே கிண்ணம். வரிசையாக முழங்காலிட்டு எல்லோரும் அதிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள். "நீரு கொஞ்ச நாளைக்கு அப்பம் மட்டும் எடும்," என்றார் போதகர். அந்தக் கொஞ்ச நாள் வருஷங்களாக நீண்டது. பரலோகத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று ஞாயிறுதோறும் தொண்டை கிழியப் பாடும் சபை, அவரைக் கடைசிப் பெஞ்சுக்குத் தள்ளியது. சாவதைவிட அதுதான் ராஜதாசுக்கு வலித்தது. மனைவி சுகிர்தபாய் கிண்ணம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அப்போதுதான் சர்க்கார் ஒரு பட்டாளத்து டாக்டரைப் பாறசாலைக்கு அனுப்பியது. பழைய பட்டாளக்காரர்கள் எங்கே வேலை செய்தார்கள், எதைச் சுவாசித்தார்கள், இப்போது உடம்புக்கு என்ன என்று முகாம் போட்டு விசாரித்து எழுதுவாராம். யுத்தம் முடிந்து பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஞானோதயம். போகட்டும், வந்தார்களே.

ஆனால் அது எல்லைப் போராட்டக் காலம். எங்கள் தாலுகா தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்று முக்குக்கு முக்கு கூட்டம் நடந்தது. பேனாவும் கையுமாக எவன் வந்தாலும் தமிழன் எத்தனை, மலையாளி எத்தனை என்று தலை எண்ண வந்தவன் என்றே இரு தரப்பும் நம்பியது. கோழிக்கு ஊசி போட வந்தவரிடம் ஒருவர், "இது தமிழ்க் கோழியாக்கும்," என்று சொல்லி அனுப்பினார். சபையின் டீக்கன் தேவகுமார், ராஜதாசோடு அதே மிஷினடியில் நின்றவர், இப்போது போராட்டத்தில் பெரிய குரல். முகாமுக்கு முந்தின நாள் பட்டாளக்காரர்களைக் கூட்டினார்.

"தீனம், சீக்கு உண்டுண்ணு ஒருத்தனும் சொல்லப்பிடாது. தமிழன் தீனக்காரன், அவனுக்குத் தாலுகா நடத்தத் திராணியில்லேண்ணு டெல்லிக்கு எழுதுவானுவ. என்ன கேட்டாலும், தமிழன், சொகமா இருக்கேண்ணு சொல்லணும்."

"எனக்கு இருமுதே," என்றார் ராஜதாஸ்.

"நாட்டுக்காக ஒரு நாளு அடக்கும் ஓய்."

மறுநாள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "எவிடெயா ஜோலி செய்தது?" என்று வேலை செய்த இடத்தை டாக்டர் மலையாளத்தில் கேட்டார். "தமிழன்," என்றார் முதலாமவர். மூச்சு முட்டுமா என்றால் தமிழன், இரத்தம் துப்பியதுண்டா என்றால் தமிழன். இருமலை விழுங்கி விழுங்கித் தேவகுமாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் அதைத் தமிழ்ப் பற்று என்று நினைத்தார்கள். டாக்டரும் எல்லோருக்கும் சுகம் என்று எழுதிக்கொண்டே போனார். படித்த மனிதர், ஒருவர் நெஞ்சிலாவது குழாயை வைத்துப் பார்த்திருக்கலாம்.

ராஜதாஸ் முறை வந்தது. ஒரு வார்த்தைகூடத் தவறாமல் டாக்டருக்கு விளங்க வேண்டுமே என்று, மிஷின், பொடி, இருமல் எல்லாவற்றையும் மலையாளத்திலேயே சொன்னார். டாக்டர் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிச் சளியைச் சோதித்து, நெஞ்சைப் படம் பிடித்து, சயரோகம் இல்லை, கல்பொடிதான், யாருக்கும் ஒட்டாது என்று எழுதிக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு ராஜதாஸ் போதகரிடம் ஓடினார். பக்கத்தில் தேவகுமார் நின்றிருந்தார்.

"மலையாளம் பேசினவனுக்கு மலையாள டாக்டரு எழுதிக் குடுத்ததாக்கும். இதை நம்பிக் கிண்ணம் குடுப்பீரா?"

போதகர் கொடுக்கவில்லை. பாஷை பார்த்து நோய் ஒட்டும் என்று வேதத்தில் எந்த அதிகாரத்தில் படித்தாரோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

ஐம்பத்தாறில் எல்லை போட்டார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றோம். தேவகுமாரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு எழுந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது, கைக்குட்டையில் சிவப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தனக்கும் கல்பொடிதான் என்று எழுதி வாங்கப் பட்டாள ஆபீசுக்கு ஓடினார். அங்கே பழைய கோப்பைப் புரட்டிச் சொன்னார்கள்: மிஷினடியில் நின்றவர்களை விசாரித்தாயிற்று, ஒருவரைத் தவிர எல்லோருக்கும் சுகம், ஆகவே பொடியால் கெடுதல் இல்லை. அந்த ஒருவருக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும்.

அடுத்த திருவிருந்தில் தேவகுமாருக்கும் அப்பம் மட்டும் என்றாகிவிட, அவர் கடைசிப் பெஞ்சில் ராஜதாசுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பொடியாக்கும். நீரு போதகரிட்டே உம்ம டாக்டரு கடுதாசியைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லும்," என்றார் மெதுவாக.

"சொல்லலாம்," என்றார் ராஜதாஸ். "எந்தப் பாஷையிலே சொல்லட்டு?"

அவர்களுக்கு முன் பெஞ்சுவரை எல்லோரும் எழுந்து போய்க் கிண்ணம் வாங்கிவிட்டுத் திரும்பினார்கள்.