ஆர் இல்லபா, ஈஸ்

புது இங்கிலீஷ் சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் கோதண்டபாணி சார் நாற்காலியில் உட்காரமாட்டார். சுவரோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "சொந்த வாக்கியம் சொல்லுபா. அப்பதான் அந்த வார்த்தை உன்னுது" என்பார். எட்டாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியாக வேண்டும்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். இலக்கணப் பிழை அவர் காதுக்கு அறுந்த இழை. "அறுந்துபோச்சுபா, முடிச்சு போடு" என்று சொல்லிக்கொண்டே, திருத்திய வாக்கியத்தைப் பலகையில் முத்து முத்தாக எழுதுவார். வகுப்பு முழுவதும் அதை நோட்டில் எழுதிக்கொள்ளும். அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்புக்காகப் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது, வேலையில்லாமல் ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகைகளில் இங்கிலீஷ் தப்புத் தேடி சைக்கிளில் திரிந்தவர். முதலாளிகள் சிரித்தார்கள். பலகைகள் அப்படியே இருக்கின்றன.

பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் எனக்கு அவர் காதின்மேல் பொறாமை உண்டு. சாமி ஊர்வல நாயனத்தின் நடுவிலும் இங்கிலீஷ் வாக்கியத்தில் விட்டுப்போன ஒரு 'தி'யைக் கண்டுபிடிப்பார். அர்த்தம் மட்டும் அந்தக் காதில் கொஞ்சம் தாமதமாகத்தான் விழும். இதைக் கிண்டலாகச் சொல்லிவந்தேன், இப்போது சொல்வதில்லை.

சென்ற மாதம் பாடத்தில் 'பரையா' என்றொரு சொல் வந்தது. ஊரார் ஒதுக்கிவைத்தவர் என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் பொருள் போட்டிருந்தது. நம் ஊர்ச் சேரி ஜனங்களின் சாதிப் பெயர்தான் கப்பலேறிப் போய், இங்கிலீஷாகித் திரும்பி வந்திருக்கிறது. சார் அதை விளக்கவில்லை. பிள்ளைகளுக்கு விளக்கமும் தேவைப்படவில்லை. மயில்வாகனம் எழுந்து மூன்றாவது பெஞ்சின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்திராணி ஆர் எ பரையா" என்றான்.

அந்த வகுப்புக்குச் சேரியிலிருந்து வரும் ஒரே பெண் இந்திராணி.

"ஆர் இல்லபா, ஈஸ்" என்றார் சார், கண்ணைத் திறக்காமல். பிறகு பலகைப் பக்கம் திரும்பித் திருத்திய வாக்கியத்தை எழுதினார். வகுப்பும் எழுதிக்கொண்டது. மணியடித்துப் பலகையை அழிக்கப் போனபோதுதான் தான் எழுதியதைப் படித்ததாக என்னிடம் சொன்னார். அதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு நாள் வரவில்லை. சனிக்கிழமை நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் பாடம் நடத்துகிறவர், அந்தத் தெருவுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார். எனக்கும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

தாய் செல்லியம்மாள் மகளின் நோட்டை எடுத்து வந்தார். "அடிச்சாரான்னு கேட்டேன், இல்லன்னுது. திட்டுனாரான்னா அதுவும் இல்லியாம். தப்பத் திருத்துனீங்களாம். இனிமே பள்ளிக்கூடத்துக்கே போமாட்டேன்னுது. இதுல இன்னா எழுதிகீது, படிச்சுச் சொல்லுங்க சார்."

இந்திராணியும் எழுதியிருந்தாள், குண்டு குண்டான எழுத்தில். எழுதச் சொன்னால் எழுதுகிற பிள்ளை.

சார் அந்த வரியை இங்கிலீஷில் படித்தார்.

"தமிழ்ல சொல்லுங்க."

தமிழில் சொன்னார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. "சொன்னது ஒரு பையன்மா. திருத்தி எழுதுனது நான்" என்றார்.

செல்லியம்மாள் நோட்டைத் திரும்ப வாங்கி மூடினார். பிறகு, "மத்தப் புள்ளைங்க நோட்டுலயும் இதான் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதும்மா."

"அது அங்க இருக்கசொல்ல, எம் பொண்ணு எப்டி சார் வந்து அதுங்க பக்கத்துல குந்தும்?"

 

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மற்ற நாற்பத்தோரு நோட்டுகளையும் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சார் அவள் வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். செல்லியம்மாள் பாய் எடுக்க உள்ளே போனார். அதற்குள் சார் வாசலில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்திராணியைக் கூப்பிட்டு, மூடி கழற்றிய தன் பேனாவை அவள் கையில் கொடுத்தார். கட்டின் மேலிருந்த மயில்வாகனத்தின் நோட்டை எடுத்து, அந்த வரி இருந்த பக்கத்தைப் புரட்டி அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, காற்றில் தாள் எழும்பாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.