ஏழாம் எண் புள்ளி

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ‘ஆஜர் அக்கா’ என்றே பெயர். காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர்களின் ஒவ்வொரு வாக்கிடாக்கியும் அவள் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி தெரிந்தால் போதும் என்பது சட்டம். அவளுக்குப் போதாது. எண் சொல்லிக் கூப்பிட்டு, “இருக்கேன்” என்று குரல் வந்தால்தான் நம்புவாள்.

போன வருடத் தீயில், புகையில் மூச்சுமுட்டி அவள் கணவன் போய்ச்சேர்ந்தான். அவன் எண் ஏழு. அவன் விழுந்த பள்ளத்தில் அந்தப் புள்ளி சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கிறது. அதை அழிக்கச் சொல்லி அதிகாரிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தினமும் ஆறாம் எண்ணுக்குப் பிறகு ஏழாம் எண்ணையும் கூப்பிடுவாள். யாரும் சிரிப்பதில்லை. எட்டாம் எண்காரர் மட்டும் கொஞ்சம் பொறுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதில் சொல்வார்.

அன்று நடுப்பகலிலேயே வெளியே செக்கச்செவேலென்று இருட்டியிருந்தது. தீ சாலையை நெருங்கவே, எல்லோரையும் லாரிக்கு இறங்கி வரச் சொன்னார்கள். சாலையோரம் தாங்களே தீ மூட்டி மலைமேல் ஏற்றிவிட்டால், பெருந்தீக்கு எரிக்க ஒன்றும் மிஞ்சாது. புள்ளிகள் லாரியருகே கூடிவிட்டன. அணைக்கப் போயிருந்த அவள் கொழுந்தனுடைய பதினொன்றாம் எண் புள்ளியும் அங்கேதான் இருந்தது.

“எல்லாரும் வந்தாச்சு. கொளுத்தச் சொல்லும்மா,” என்றார் அதிகாரி.

“ஒரு நிமிஷம் சார், கூப்பிட்டுடறேன்.”

“உன் ஆஜர் முடியிற வரைக்கும் தீ காத்துக்கிட்டு இருக்குமா?”

ஒன்று முதல் ஆறு வரை மளமளவென்று கூப்பிட்டாள். “ஏழு” என்றதும் பள்ளத்துப் புள்ளி பச்சையானது. மெல்ல அசைந்தது.

“பழசு எதையோ காட்டுது, விடு,” என்ற அதிகாரியின் குரலில் சுரத்தே இல்லை.

ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு வாங்கினார்கள். பிறகு ஓர் இருமல். கணவன் பக்கத்தில் படுத்து அவள் கேட்ட இருமல்.

“இருக்கேன்.”

அவன் குரலேதான். ‘வந்துட்டீங்களா?’ என்று கேட்க வாயெடுத்தாள்.

“நான்தான் அண்ணி. என்னோடத லாரியிலேயே சார்ஜ்ல போட்டு மறந்துட்டேன். லாரிப் பெட்டியில அண்ணனோடது கிடந்துச்சு, அவசரத்துக்கு எடுத்துட்டு வந்தேன். இவ்வளவு நேரம் சிக்னலே இல்ல. புகையில வழி தெரியாம இந்தப் பள்ளத்துல மாட்டிக்கிட்டேன்.”

கொழுந்தன் பிழைத்திருக்கிறானே என்று அவள் மகிழவில்லை. அவரில்லையே என்று மனசு விட்டுப்போனது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

“யாரும் கொளுத்தாதீங்க!” என்று கத்தினாள். “இடது பக்கம் வாப்பா. பாறைய ஒட்டியே இறங்கு,” என்று திரையைப் பார்த்தபடி சொல்லிச் சொல்லி அவனைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அவன் லாரியில் ஏறிய பிறகுதான் தீ மூட்டினார்கள்.

ஏழாம் எண்ணை இனி அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றார் அதிகாரி. அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் ஆறாம் எண்ணுக்குப் பிறகு ஏழாம் எண்ணைக் கூப்பிட்டாள்.

“இருக்கேன்,” என்றது அந்தக் குரல்.

அது “அண்ணி” என்று சொல்வதற்குள், அவசர அவசரமாக எட்டாம் எண்ணைக் கூப்பிட்டாள்.