கூட்ஸ் விசிறியும் மெயில் விசிறியும்

எஞ்சின் எவ்வளவு சத்தம் போடுகிறதோ அவ்வளவு வேகமாகப் படகு போகும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கையெழுத்து அழகானவன் என்று பெயர் வாங்கியவன். இருந்தும் நம்பினேன்.

எங்கள் தென்னந்தோட்டம் மலாயாவில், கிள்ளான் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குத் தெற்கே, சேறும் கண்டல் மரமும் சூழ்ந்த ஒரு தீவில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகப் படகை விட்டால் வேறு வழியில்லை. துடுப்புக்காரர்கள் தாமதம் செய்கிறார்கள் என்று துரை சலித்துப்போய், படகின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின் ஒன்றை வரவழைத்து என் தலையில் கட்டினார். பேரேடு எழுதத் தெரிந்தவனுக்கு எஞ்சினும் ஓட்டத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். தெரியாது என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

எஞ்சின் வந்த வாரம் ஆயுத பூஜை. ஒரு மணைப்பலகையில் அதை நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். முடிந்ததும் எனக்குள் திடீரென்று பக்தி பொங்கியது. பூஜை பெற்ற பலகையை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் கொண்டுபோவதா? மணையைப் படகின் பின்பலகை மேல் நிற்க வைத்து ஆணியடித்து, அதில் எஞ்சினை மாட்டச் செய்தேன். ஒரு சாண் உயர்ந்து நின்றது. கயிற்றை இழுத்ததும் கிளம்பிய அலறலில் கண்டல் காட்டுக் கொக்கெல்லாம் பறந்தன. நான் தளபதி மாதிரி நின்றுகொண்டு வந்தேன். பின்னால் துடுப்புப் போட்டபடி சம்பான் தோணியில் வந்த ஒரு சீனக் கிழவர் எங்களைக் கடந்துபோனார். போகும்போது அனுதாபமாகக் கையும் அசைத்தார்.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரயில்வே பட்டறையில் பிட்டர். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் வீடு. மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறித் துறைமுகம் வந்து, அங்கிருந்து எங்கள் படகில் தீவுக்கு வருவார். தீவில் தேங்காயைத் தவிர எதுவும் கிடைக்காது என்று தங்கைக்குப் பாசார்ச் சந்தையிலிருந்து கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் கட்டிக்கொண்டு வருவார். அன்று அவரை அழைத்துவர நான் போனபோது, துறைமுகத்தில் நின்றபடியே தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

“மாப்ளே, எஞ்சின் அழுவுது. உங்களுக்குக் கேக்கலையா?”

“சத்தம் நல்லாத்தானே இருக்கு மச்சான்?”

“அடியில இருக்கற விசிறி தண்ணிய விட்டுட்டுக் காத்தக் கடையுது. அந்தப் பலகைய எடுங்க.”

“பூசை போட்ட பலகை மச்சான்!”

அவர் சிரிக்கவில்லை. ஆணிகளைப் பிடுங்கி, பலகையைக் கண்ணில் ஒற்றி, தீவுக்கு வந்ததும் தங்கையிடம் கொடுத்தார். “சாமிய இதுல உக்கார வை. எஞ்சினயும் உன் புருசனயும் உக்கார வெக்காத.” அதன்பிறகுதான் சிரித்தார். அவள் சிரித்து ஓயப் பொழுது சாய்ந்தது.

அவர் படகில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு எஞ்சினைச் சரிசெய்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. விசிறிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டும் படகின் அடிப்பாகமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மேலே போனால் விசிறி காற்றைக் கடையும். கீழே போனால் தண்ணீர் படகைப் பிடித்து இழுக்கும், வற்றின நேரத்தில் சேற்றையும் கிண்டும். விரலால் தடவித் தடவியே அந்த மட்டத்தைக் கண்டுபிடித்தார். எழுந்தபோது சட்டையின் ஒரு கை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

எஞ்சினோடு இரண்டு விசிறிகள் வந்திருந்தன. ஒன்றின் இதழ்கள் தட்டையானவை, மற்றதின் இதழ்கள் நன்றாக முறுக்கியவை. ரயில்காரர் அல்லவா, தட்டையானதற்கு ‘கூட்ஸ்’ என்றும் முறுக்கியதற்கு ‘மெயில்’ என்றும் பெயர் வைத்தார். “கூட்ஸ் எஞ்சினுக்குச் சின்னச் சக்கரம், மெயிலுக்குப் பெரிய சக்கரம். பாரம் இருந்தா கூட்ஸ மாட்டுங்க. ஒத்தையாப் போனா மெயில். மாத்திப் போட்டீங்க, எஞ்சின் முக்கும், படகு நகராது.” ஒன்றரை வருடம் அப்படியே செய்தேன். படகும் ஒழுங்காக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளும் ஓடின.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, ஊரெல்லாம் ஆட்குறைப்பு. பட்டறையில் அவருக்கும் வேலை போயிற்று. நாகப்பட்டினம் திரும்பப் போவதாகவும், போகுமுன் வந்து இரண்டு நாள் தங்குவதாகவும் எழுதியிருந்தார். அடுத்த கடிதம் ஒரு புதன்கிழமை காலை வந்தது. கப்பல்காரர்கள் பயண நாளை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்று மதியமே கப்பல். முடிந்தால் துறைமுகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

நான் எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். ஒரு காலில் செருப்பு, காதில் பேனா. என் மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊரிலிருந்த அண்ணிக்கென்று அவள் வைத்திருந்த சேலைப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, ஒரு சாக்குத் தேங்காய், எல்லாம் ஏறின. நான் மெயில் விசிறியை எடுத்து மாட்டினேன்.

“என்னாங்க, இவ்ளோ பாரம் இருக்கே, அண்ணன் கூட்ஸுதானே மாட்டச் சொன்னாங்க?”

“நாம என்ன கொப்பரை ஏத்திக்கிட்டா போறோம்? கப்பலப் பிடிக்கப் போறோம்!” என்றேன். அந்தப் பதட்டத்திலும் என் பதிலை நானே மெச்சிக்கொண்டேன்.

எஞ்சின் முக்கியது. படகின் பின்புறம் அமிழ்ந்து மூக்கு மேலே தூக்கியது. கரையிலிருந்த மரங்கள் நகர மறுத்தன. கூட்ஸ் விசிறியோ கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கத் திரும்பிப் போனால் நேரமாகும் என்று போகவில்லை. எஞ்சினைத் திட்டினேன், கடலைத் திட்டினேன், கப்பல் கம்பெனியின் பரம்பரையையே திட்டினேன். அவள் சாக்கை அவிழ்த்து, ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் கடலில் போட்டாள். கடைசியாக ஊறுகாய் ஜாடியையும் போட்டாள்.

துறைமுகம் கண்ணில் பட்டபோது கப்பல் கரையை விட்டு விலகியிருந்தது. மேல்தளம் நிறைய மனிதர்கள். யாரோ ஒருவர் துண்டை ஆட்டினார். அவர்தான் என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருடம் ஊரிலிருந்து வேறொருவர் கையெழுத்தில் கடிதம் வந்தது, மச்சான் காய்ச்சலில் போய்விட்டார் என்று. இப்போதும் துறைமுகத்தில் ஏதாவது படகின் எஞ்சின் அலறினால் என் தலை தானாகச் சாய்கிறது. “அழுவுது பாருங்க” என்று சொல்ல ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாசாருக்கு நான்தான் போகிறேன். முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தால் அவள் வாங்கி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அன்று நீரோட்டம் எதிராக இருந்தது என்றே இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவள் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன்; அவள் ஒருமுறைகூட மறுத்ததில்லை. நீரோட்டம் எங்களோடுதான் ஓடியது. நான் தவறான விசிறியை மாட்டினேன். அவள் தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் திரும்பினாள்.