கறிவேப்பிலைக்குப் பாடிய தேவாரம்

அந்த மனிதரைப் பற்றி எழுதப் பல வருடம் தயங்கினேன். எழுதினால் என் குரலைப் பற்றியும் எழுத வேண்டுமே!

நாங்கள் குடியேறிய ஏவன்டேலின் ஞாயிறு சந்தையில் வீட்டுக் கறிவேப்பிலையை விற்றுக்கொண்டிருந்தேன். கூவி விற்க வெட்கம். 'சீப்' என்று மட்டையில் ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன்.

"இண்டைக்கும் விக்காட்டி இனிச் சந்தையே வேண்டாமப்பா" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அன்று ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நீண்ட தாடி, தொப்பியில் ஏதோவொரு இலை. மட்டையைப் பார்த்துவிட்டு, பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மலிவு என்றல்ல, வியாபாரம் என்றே பொருள் என்றார். நைட்டிங்கேல் பறவையின் பெயரில் வரும் 'கேல்' அந்தக் காலத்தில் பாடுவதையும் மந்திரம் போடுவதையும் சேர்த்தே குறித்ததாம்.

"அப்படியானால், கூவி விற்காவிட்டாலும் பாடித்தான் பாருங்களேன்" என்றார்.

எனக்குத் தெரிந்தது தேவாரம்தான். மந்திரம் என்றதும் பயந்து, சிவனே பொறுத்துக்கொள் என்று திருநீற்றைத் தொட்டுக்கொண்டு பாடினேன். பக்கத்துக் கடையில் கீரை வாங்க நின்றவர்களும் விலகினார்கள்.

"இருந்த சனத்தையும் கலைச்சுப்போட்டியள்!" என்றாள் மனைவி.

அவர் மட்டும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி, பாட்டு முடியும்வரை நின்றார். ஒரு கொத்து வாங்கித் தொப்பியில் செருகிக்கொண்டு போனார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வாற ஞாயிறும் வருவம். நீங்கள் பாடாட்டிச் சரி."

அவர் யாரென்று இன்றும் தெரியாது. இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். நான் நன்றாகப் பாடினேன் என்று மட்டும் கூட்டிவிடாதீர்கள். கேட்டவர்கள் இன்னும் ஏவன்டேலில் இருக்கிறார்கள்.