யாரைப் பார்த்தாலும் அம்மா

சில வருடங்களுக்கு முன், மதுரை கோச்சடையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எங்களுக்குக் குழந்தை இல்லை. பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்க்கக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அலைந்து திரிந்து எழுதிக் கொடுத்தோம். மூன்று வயதுப் பெண் குழந்தையை அழைத்து வந்தார்கள். காப்பகம், யாரோ ஒருவர் வீடு, மறுபடி காப்பகம் என்று கை மாறிக்கொண்டே இருந்தவளாம்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் போய், "வந்த அன்னைக்கே அம்மான்னு கூப்பிட்டுட்டா!" என்று பீற்றிக்கொண்டேன். விழுந்தாலும் அழமாட்டாள், ஊசி போட்டாலும் அழமாட்டாள். எம்புட்டு சமத்து என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் நம்பினேன், மடச்சி.

அடுத்த வாரம் பரவை மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்குவதற்காக அவள் கையை விட்டேன். திரும்பினால் ஆளைக் காணோம். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. மூட்டைகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே கத்திக்கொண்டே ஓடினேன். கடைசியில், ரோட்டோரம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பிள்ளையாக்கா? அதுபாட்டுக்கு வந்து தூக்கச் சொல்லிக் கைய நீட்டுச்சு. அம்மா அம்மாங்குது. யாரு பிள்ளையோன்னு நானும் தேடிக்கிட்டு நிக்கிறேன்" என்றார் அவர்.

பாப்பா என்னைப் பார்த்தாள். அழவில்லை, தாவி வரவும் இல்லை. அவளைப் பொறுத்தவரை இன்னொரு வீட்டுக்குப் புறப்பட்டாகிவிட்டது. நானே போய் அவளை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வேலைக்குப் போவதை நிறுத்தினேன். அவளை விட்டு நகரவே இல்லை. மாதங்கள் ஓடின. ஒருநாள் நான் குளிக்கப் போனதற்கு, கதவைத் தட்டித் தட்டி ஊரையே கூட்டி அழுதாள். "என்னடி, இம்புட்டு பிடிவாதம் பிடிக்கிறா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "அழுகட்டும்க்கா, என்னையத் தேடித்தான அழுகுறா" என்று ஈரத்தலையோடு நானும் சேர்ந்து அழுதேன்.

அந்த வருடக் கடைசியில் அவளுடைய சித்தப்பா ஒருவர் வந்தார். சொந்தத்துக்குத்தான் முதல் உரிமை என்றார்கள் காப்பகத்தில். அவள் துணிமணிகளைக் கட்டிக் கொடுத்தோம். வண்டியில் ஏற்றும்போது என் சேலையை விடவே இல்லை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வண்டி தெருமுனை திரும்பும் வரை அவள் அலறல் கேட்டது.

அங்கேயும் ஒத்துவராமல் மறுபடி காப்பகத்தில் விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டு ஓடினேன். அதற்குள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

"தங்கமான பிள்ளைக்கா. வந்ததுமே என்னைய அம்மான்னுருச்சு. அழுகவே மாட்டா" என்றார் அந்தக் காப்பகத்து ஆயா.

இன்றைக்கும் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை அம்மாவைத் தேடி வீறிட்டு அழுதால், அதட்டாதீர்கள் என்று போய்ச் சொல்லத் தோன்றுகிறது. அப்படி அழ ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எனக்குத் தெரியும்.