மணப்பெண் இறங்காத கார்

தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. எங்கள் வீடு காரக்கோணத்துக்குப் பக்கத்தில். நான் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். நாடுகளுக்கிடையே உள்ள உறவுகளை ஆராய்வதற்கு, ஆசியாவின் இளம் பட்டதாரிகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகை அறிவித்திருந்தது. ஒரே ஆற்றை இரண்டு நாடுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்ற தலைப்பில் ஆராய விரும்புவதாக எழுதிப் போட்டேன். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் காலையில் நேர்முகத் தேர்வு என்று பதில் வந்தது. தேர்வுக் குழுவினர் அன்று நண்பகலே விமானத்தில் சென்னைக்குப் போய்விடுவார்கள். அந்தக் காலையைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது.

அன்றைக்குப் பார்த்துக் கடையடைப்பு. பேருந்து ஓடாது என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. வழியில் ஏதாவது வண்டி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நானும் அப்பாவும் இருட்டோடு கிளம்பி அமரவிளை வரை நடந்தோம். நெடுஞ்சாலையில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. பனி இறங்கிய அந்தச் சாலை, தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்ட ஆறுபோல் கிடந்தது. குறுக்கே ஒரு மாமரக்கிளையை வெட்டிப் போட்டு, அதில் கொடியைச் சொருகிவிட்டுத் தமிழ்ப் பையன்கள் சிலர் காவல் நின்றார்கள். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவேன். அந்தக் காலையை மட்டும் எப்படி எழுதிப் பார்த்தாலும், கண்ட கனவை எழுதியதுபோலவே வருகிறது.

பனிக்குள்ளிருந்து மல்லிகைச் சரம் கட்டிய கார் ஒன்று மெல்ல வந்தது. காவல் நின்றவர்களே கிளையை இழுத்து ஒதுக்கினார்கள். அப்பா கையை நீட்டினார். பின் இருக்கை முழுக்க வெள்ளைப் பட்டும் வலைமுக்காடுமாக மணப்பெண் இருந்தாள். முன்னால் ஓட்டுநரோடு அவளுடைய தாய்மாமன். பாறசாலைக்காரர்கள், நெய்யாற்றின்கரைப் பள்ளியில், அதாவது தேவாலயத்தில், கல்யாணம். பேருந்து இல்லாததால் உறவுக்காரர்கள் எல்லாரும் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"இடம் இல்ல சாரே" என்றார் தாய்மாமன்.

"இடம் உண்டு மாமா" என்று அந்தப் பெண் முக்காட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏறிக்கொண்டோம். எங்கே போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். "ஆத்துத் தண்ணிக்கு ரெண்டு நாடு வழக்கா? எங்க வீட்டுல ஒரு கிணத்துக்கே வழக்கு உண்டு அக்கா" என்று சிரித்தாள்.

பள்ளி முற்றத்தில் மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் மட்டும் நின்றார்கள். மணப்பெண்ணை இறக்கிவிட்டு என்னைத் திருவனந்தபுரத்தில் விட முடியுமா என்று அப்பா ஓட்டுநரிடம் கேட்டார்.

"பெண்ணு உள்ள இருந்ததுனால ஆக்கும் வழி விட்டானுவ. வெறும் வண்டியக் கண்டா கண்ணாடி மிஞ்சாது சாரே" என்று அவர் கையை விரித்தார்.

நான் இறங்கினேன். நடந்து போனால் குழு கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர முடியும். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பள்ளிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணப்பெண் மட்டும் இறங்கவில்லை.

"அப்பம் நானும் கூட வாறேன்."

"எட்டி, ஒனக்குக் கிறுக்கா? மாப்பிள நிக்கான் பாரு!"

"நிக்கட்டும். நான் இல்லாம கல்யாணம் நடக்காது மாமா. இந்த அக்கா இல்லாம இன்டர்வியூ நடந்துரும்."

தாய்மாமன் விடவில்லை. வண்டி திரும்பி வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவள் என் அப்பாவைப் பார்த்தாள். "நான் வாறது வர இந்தச் சாரு இங்க இருக்கட்டும், ஜாமீனுக்கு."

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு முற்றத்தில் ஏறி நின்றார். மாப்பிள்ளை காருக்கு அருகே வந்தார். அவள் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். காது சிவக்க ஒரு நிமிடம் யோசித்தவர், "போயிட்டு வா. பாட்டுப் பாடுகவங்களே இன்னும் வந்து சேரல்ல" என்றார். பின்னால் அவருடைய அம்மா ஏதோ சத்தம் போட்டார். அதற்குள் வண்டி திரும்பிவிட்டது. தாய்மாமனும் முணுமுணுத்தபடி எங்களோடு வந்தார்.

நெய்யாற்றின்கரையைத் தாண்டியதும் வெயில் விழத் தொடங்கியது. காருக்குள் பூவாசனை. சன்னல் வழியே வந்த காற்றில் அவளுடைய முக்காடு எழுந்து என் முகத்தில் படர, மரங்களும் வயல்களும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மிதந்து போயின. பாலராமபுரத்துக்கு முன்னால் இன்னொரு மரக்கிளை, இன்னொரு கொடி. இவர்கள் எதிர்த்தரப்பு, மலையாளம் பேசினார்கள். ஆனால் அதே மடித்துக் கட்டிய வேட்டி, அதே தூக்கம் கலையாத கண்கள். கல்யாணம் எங்கே என்று கேட்டார்கள்.

"திருவனந்தபுரத்துப் பள்ளியிலாக்கும்" என்றார் தாய்மாமன். நெய்யாற்றின்கரையில் கிறுக்கு என்று திட்டியவர், இமைக்காமல் பொய் சொன்னார்.

"கல்யாணமல்லே, போட்டே" என்று, கல்யாணம்தானே போகட்டும் என்ற பொருளில் சொல்லி, ஒருவன் கிளையை இழுத்தான்.

அப்போதுதான் அவள் என் கையைப் பிடித்திருப்பதை உணர்ந்தேன். சில்லிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. பயமா என்று கேட்டேன்.

"பின்ன இல்லாமலா? மாப்பிளைக்க அம்மயக் கண்டீங்க இல்லியா!"

கல்லூரி வாசலில் இறங்கினேன். நன்றி சொல்லத் திரும்பினேன். "போங்கக்கா, எனக்கும் நேரமாச்சு" என்றாள். கார் திரும்பிப் போய்விட்டது. குழுவினர் நிறையக் கேட்டார்கள், படித்ததையெல்லாம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இன்று நினைவில் இல்லை. என் தோளில் ஒட்டியிருந்த மல்லிகை இதழை ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் அவ்வப்போது பார்த்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

மறுநாள் வீடு திரும்பியதும் அப்பா மீதிக் கதையைச் சொன்னார். திரும்பும் வழியில் பாலராமபுரத்துக்கு அருகே அதே மலையாளப் பையன்கள், "மாப்பிளை எங்கே" என்று கேட்டிருக்கிறார்கள். "தேடிட்டுத்தான் போறோம்" என்றாளாம் அவள். சிரித்துக்கொண்டே வழிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் அம்மா காலை முழுவதும் அப்பாவைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம். பாடகர்கள் பாதிப் பேர்தான் வந்து சேர்ந்ததால், ஜாமீன் முடிந்த கையோடு அப்பாவே பாட்டையும் எடுத்துக்கொடுத்திருக்கிறார். விருந்தில் அந்த அம்மாவே அவருக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாராம்.

உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. கடல் கடந்து போய்ப் படித்தேன். திரும்பி வந்து கல்லூரியில் உலக அரசியல் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். எல்லைக்கோடும் ஒருநாள் போடப்பட்டது. எங்கள் ஊர்கள் கேரளத்தில் நின்றன. நாடுகளின் ஒப்பந்தங்களை எத்தனையோ வாசித்துவிட்டேன். யாருக்கு எவ்வளவு என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டு பேர் "முதலில் எனக்கு" என்று நிற்கும் எந்த வழக்கிலும், நியாயம் யார் பக்கம் என்று பார்ப்பதற்கு முன், யாரால் காத்திருக்க முடியும் என்று நான் பார்க்கிறேன். தன்னால் முடியும் என்று நடுங்கும் கையோடு ஒருத்தி தானாகவே சொன்னதால்தான் எனக்கு அன்று வழி கிடைத்தது.