ஜன்னலுக்கு எவ்வளவு கேக்கலாம்

ஜன்னல் துடைக்கப் பூவராகனுக்குக் கிடைத்த முதல் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பதினான்கு ஜன்னல்கள். ஜன்னலுக்கு ஐம்பது ரூபாய் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். வீட்டுக்காரர் பேரம் பேசி ஐந்நூறில் கொண்டுவந்து நிறுத்தினார். காலை எட்டு மணிக்கு ஏணியைச் சாத்தியவன் வேலையை முடித்து இறங்கும்போது மாலை ஐந்தரை. உள்பக்கம் இரும்புக் கம்பி, வெளிப்பக்கம் கொசுவலை. கண்ணாடியைத் துடைத்த நேரத்தைவிட வலையைக் கழற்றி மாட்டிய நேரம்தான் அதிகம்.

அவனுக்கு வேலை புதிதில்லை. தோஹாவில் ஒன்பது வருடம் கயிற்றில் தொங்கி, முப்பது மாடி நாற்பது மாடிக் கட்டிடங்களின் கண்ணாடியைத் துடைத்தவன். ஆனால் அங்கே ஒருநாளும் அவன் விலை பேசியதில்லை. கம்பெனி பேசும், இவன் தொங்குவான்.

அன்று மாலை வழக்கம்போலப் பெண்ணாடத்துக்குப் போன் செய்தான். மனைவி கயல்விழி மகள் தேன்மொழியுடன் அங்கே தன் அம்மா வீட்டில் இருந்தாள். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. தோள் வலி தாங்காமல் அவன் ஊர் திரும்பியபோது வீடு அவன் இல்லாமலேயே ஓடப் பழகியிருந்தது. உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. எட்டு வயது மகள் அவன் எதிரில் காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்தாள், விருந்தாளி முன்னால் உட்கார்வதுபோல. ஏதாவது செய்ய வேண்டுமே என்ற அவசரத்தில், கயல்விழியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சேர்த்து வைத்திருந்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு கோழிக்கறிக் கடை வைத்தான். எட்டு மாதத்தில் மூடினான். அவள் திட்டவில்லை. பெண்ணாடத்தில் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு போன் பேச்சு ஒரு நிமிடம்தான். சாப்பிட்டியா, சாப்டேன். பாப்பா, படிக்கிறா. அன்று வேறு பேச்சு கிடைக்காமல் ஜன்னல் கதையைச் சொன்னான்.

"ஒரு ஜன்னலுக்கு எத்தன கதவு மாமா?" என்று கேட்டாள் கயல்விழி.

"மூணு. சமையல்கட்டுல ரெண்டு. பாத்ரூம்ல மட்டும் பட்ட பட்டயா ஏழு கண்ணாடி."

"அப்பறம் எப்பிடி எல்லாத்துக்கும் ஒரே வெல சொன்ன? ஜன்னல எண்ணாத, கதவ எண்ணு. வலைக்கித் தனியா கேளு."

பெட்ரோல் எவ்வளவு, சோப்புத் தண்ணி எவ்வளவு, ஒரு கதவுக்கு எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். போனை வைத்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீடு. கடல் காற்றில் கண்ணாடி முழுக்க உப்பு படிந்திருந்தது. முதலில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தால் கீறல் விழும். அதற்கு என்ன கேட்பது என்று அவளிடம் கேட்டான். அடுத்த வாரம் சிதம்பரத்தில் ஒரு டாக்டர் வீடு.

"பெரிய வீடு கயலு. டபுளா கேட்டாக்கூட குடுப்பாங்க."

"வீட்டப் பாத்து வெல சொல்லாத மாமா. கண்ணாடியப் பாத்து சொல்லு. நாளைக்கி ரெண்டு வீட்டுக்காரங்க பேசிக்கிட்டா மூஞ்சிய எங்க வெச்சுக்குவ?"

அதன் பிறகு சந்தேகம் எதுவும் இல்லாத நாட்களிலும் அவன் சந்தேகம் கேட்டான். மாடிக்கு எவ்வளவு ஜாஸ்தி, மாதாமாதம் கூப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு குறைக்கலாம், பெயிண்ட் சொட்டு ஒட்டியிருந்தால் என்ன கணக்கு. பதில் தெரிந்த கேள்விகள்தான். அவள் "நேத்தே சொன்னனே" என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தான்.

சிதம்பரத்தில் சந்திரலேகா என்று ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் கூப்பிட்டார். கயல்விழி சொன்ன கணக்கில் ஆயிரத்து இருநூறு வந்தது. சொன்னான், சரி என்றார். போர்வெல் தண்ணீர்க் கறை படிந்த கண்ணாடிகள். எல்லாவற்றையும் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டரை மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறா? தப்பா நினைக்காதீங்க தம்பி, கேக்கத் தோணுது."

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எண்ணூறு வாங்கிக்கொண்டு, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தான். பேருந்து நிலையத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி கயல்விழிக்குப் போன் செய்து சொன்னான்.

"வேற ஆளு செஞ்சா எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு நாள் ஆவும்."

"நீ எப்பிடி ரெண்டர மணியில முடிச்ச?"

"ஒம்போது வருஷம் அதத்தான செஞ்சேன்."

"அந்த ஒம்போது வருஷத்த யாரு குடுத்தா மாமா?" அவள் குரல் உயரவில்லை. "பாப்பாவுக்கு ஜுரம் வந்து இழுத்தப்ப நான் ஒருத்திதான் தூக்கிக்கிட்டு ஓடுனேன். ரெண்டு வருஷத்துக்கு நாப்பத்தஞ்சு நாளு ஒன்னப் பாத்தேன். உங் கையில இருக்குற வேலையில பாதி என்னோடது. அதுல நானூறு ரூவாய நீயா விட்டுக் குடுத்துட்டு வந்து சொல்ற. அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல."

சிதம்பரம் பேருந்து நிலையத்தின் அத்தனை ஹாரன் சத்தத்துக்கும் நடுவே அவனுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் பேசுவது நானூறு ரூபாயைப் பற்றி இல்லை.

"தப்புதான் கயலு," என்றான். "கோழிக் கடையும் தப்புதான். ஒன்னக் கேட்டிருக்கணும்."

தப்பு என்ற வார்த்தையை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் "வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான்கு நாட்கள் அவன் போன் செய்யவில்லை. செய்யத் துணிவு வரவில்லை. தோஹாவிலும் அவன் ஏங்கியிருக்கிறான். முப்பதாவது மாடிக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அன்று இரவு முழுக்கப் புரண்டிருக்கிறான். ஆனால் அந்த ஏக்கத்துக்கு ஒரு தேதி இருந்தது, டிக்கெட் இருந்தது. இப்போது மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம்தான் தூரம். தேதிதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத்தாளில் விலைகளையெல்லாம் வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு, விருத்தாசலம் வழியாகப் பெண்ணாடம் போனான். வழியெல்லாம் கரும்பு லோடு டிராக்டர்கள். பேருந்து அவற்றின் பின்னால் ஊர்ந்தது. கயல்விழி அவனைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். மாடிக்கான தொகையைக் குறைத்தாள், வலைக்கானதைக் கூட்டினாள். கடைசியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: விலை வேலைக்கு, நேரத்துக்கு அல்ல.

தேன்மொழி வந்து தாளை எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீ இன்னிக்கி இங்கயே இருப்பியா?"

அவன் கயல்விழியைப் பார்த்தான்.

"அப்பாவுக்கு நாளைக்கி வேல இருக்கு," என்றாள் அவள்.

ஆனால் பேருந்து ஏற்றிவிட நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். பேருந்து தூரத்தில் தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"பாப்பாவுக்கு ஏப்ரல்ல பரீட்ச முடியுது. லீவுக்கு அங்க வர்றோம்."

"லீவு முடிஞ்சா?"

"அத இப்ப கேக்காத மாமா."

அவன் கேட்கவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேருந்து திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அடுத்த மாதம் சந்திரலேகா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை வேலை தொடங்குமுன் பூவராகன் அச்சடித்த தாளைக் கொடுத்தான். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"என் வீட்டுக்காரம்மா."

மாத வாடிக்கைக் கணக்கில் வந்த ஆயிரத்தை அவர் பேசாமல் கொடுத்தார். பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் அவனுடைய நம்பரைச் சொன்னார்.

இப்போது மார்ச் மாதம். மாலையில் போன் செய்யும்போது விலையைப் பற்றிக் கேட்க அவனிடம் எதுவும் இல்லை. என்ன குழம்பு, பள்ளிக்கூடத்தில் யார் என்ன சொன்னார்கள், தேன்மொழிக்கு ஆடிய பல் விழுந்ததா என்று கேட்கிறான். சில நாள் நிறையச் சொல்கிறாள், சில நாள் சீக்கிரம் வைத்துவிடுகிறாள். கடலூரிலும் சிதம்பரத்திலுமாக வேலை ஓடுகிறது. ஏப்ரல் கடைசி வாரத்துக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் அவன் ஒத்துக்கொள்வதில்லை.

"அந்த வாரம் முடியாதுங்க," என்கிறான். "வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க."